அடுத்த வாரம் வரும் வீதி

எது எப்போது நடந்தது என்று எங்கள் குடும்பத்தில் தகராறு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது தேர்த் திருவிழாவுக்கு முன்பா பின்பா, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது தங்கச்சி பிறந்திருந்தாளா இல்லையா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கும். ஆனால் இங்கே எழுதப்போகும் காரியத்தில் தேதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதில் அறிவிக்கப்பட்ட தேதிகள் ஏராளம். நடந்த தேதி ஒன்றே ஒன்று. ஆகவே எதற்குப் பின் எது என்ற வரிசையை மட்டும் பிசகாமல் சொல்கிறேன்.

முதலில் வருவது ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடை. பஸ் நிலையத்துக்கு எதிரே, துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. டிக்கோயாவிலிருந்து வரும் ஓர் அக்கா அதை நடத்தினார். போட்டோ கொப்பி, போன் ரீலோட், அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் முன்பக்கத்தில் நடக்கும். பின்பக்கம் ஒரு திரைச்சீலைக்கு அப்பால், அக்காவின் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன கணினி இருந்தது. ஹட்டனிலேயே நல்ல கணினி அதுதான் என்று நாங்கள் நம்பினோம். நானும் என் அத்தை மகனும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. கடையைக் கூட்டிக் கொடுப்போம், கீழே போய் அக்காவுக்கு வடை வாங்கி வருவோம். பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவோம்.

அங்கே நாங்கள் ஆடியது லாரி ஓட்டும் ஒரு வெளிநாட்டு விளையாட்டு. அந்த விளையாட்டுக்கு நம் நாட்டு ரசிகர் யாரோ ஒரு பஸ் செய்திருந்தார். இப்படி ரசிகர்கள் தங்கள் சொந்த நேரத்தில், கூலி இல்லாமல், ஒரு விளையாட்டுக்குள் புதிதாகச் செய்து சேர்ப்பதை ‘மோட்’ என்பார்கள். அந்தப் பஸ் அச்சு அசலாக நம்முடைய பஸ். முன் கண்ணாடியில் பூமாலை, உள்ளே கலர் பல்பு, பாட்டுப் பாடும் ஹோர்ன் எல்லாம் இருந்தன. ஓடுகிற வீதிதான் ஜெர்மனியில் இருந்தது. ஆறு வாகனம் பக்கம் பக்கமாகப் போகலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர்கோடு.

“என்னாடா ரோடு இது, தூக்கம் வருது. வளைவு இல்ல, ஏத்தம் இல்ல. ஒரு கோழியாவது குறுக்க வர வேணாமா?” என்றான் மச்சான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னார்: “கோழி வேணும்னா கீழ ஹோட்டல்ல இருக்கு. பொரிச்சு வெச்சிருக்காங்க. போய் அது மேல ஏத்து.”

மச்சானுக்குப் பஸ் ஓட்டுநர் ஆக வேண்டும் என்று ஆசை. அதைவிட, ஒரு பஸ் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் அதிகம். காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் வீதியோரம் இருக்கிறது. எங்கள் லயத்துக்கு நேர் எதிரில் வீதியில் ஒரு வளைவு, வளைவில் ஒரு சிறு பாலம், பாலம் தாண்டியதும் ஏற்றம். அந்த இடத்தில் நிறுத்தினால் கிளம்புவது கஷ்டம் என்று எந்த ஓட்டுநரும் நிறுத்த மாட்டார். மணி அடித்தாலும் கேட்காதது போல ஏறிப்போய், மேலே கடைவீதியில்தான் இறக்குவார்கள். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க வீட்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அதைத் தாண்டிப் போய், மழையில் நனைந்து திரும்பி வந்தவர்கள் நாங்கள். ஒருமுறை மச்சானின் அம்மா, அதாவது என் அத்தை, வாசலில் நின்று பஸ்ஸுக்குள் இருந்த எங்களுக்குக் கையைக் காட்டினார். நாங்களும் காட்டினோம். பஸ் போய்க்கொண்டே இருந்தது.

உயர்தர முடிவு வந்து, இரண்டு பேருக்குமே கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைக்காது என்று தெரிந்த வாரத்தில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தோம். கினிகத்தேனையில் ஒரு சிறு குழு, மூன்று நான்கு பேர், கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வழியாகக் கொட்டகலை வரையான வீதியை அந்த விளையாட்டுக்குள் அப்படியே செய்து கொண்டிருக்கிறார்களாம். வளைவு வளைவாக, பாலம் பாலமாக. முகநூலில் போட்டிருந்த படத்தில் தேயிலை மலை, பனி, ஈரமான தார் வீதி எல்லாம் இருந்தன. மச்சான் கணினித் திரைக்குக் கிட்டே மூக்கை வைத்துப் பார்த்தான்.

“டேய், இது நம்ம ரோடு. கினிகத்தேனையிலேருந்து ஏறி வந்து நம்ம லயத்துக்கு முன்னாடி நிறுத்தணும். ஒரு தடவ நிறுத்தினா போதும் எனக்கு.”

படத்துக்குக் கீழே, எப்போது வரும் என்று யாரோ சிங்களத்தில் கேட்டிருந்தார்கள். பதில் இரண்டு சொல்லில் இருந்தது: லபன சதியே. அடுத்த வாரம் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் வந்தது. மோட் வரவில்லை. கேட்டவர்களுக்கு மறுபடியும் லபன சதியே. அதற்கடுத்த வாரமும் அதுதான். சிங்களத்தில் வாரத்துக்குச் ‘சதிய’ என்று பெயர். தமிழில் சதி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அக்காதான் முதலில் சிரித்தார். “அவனே சொல்றான்ல, சதின்னு. ஒங்களுக்குத்தான் வெளங்கல.” அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் வராத எதற்கும் அதுவே பெயராயிற்று. தோட்டத்தில் கட்டித் தருவதாகச் சொன்ன தனி வீடு, லபன சதியே. சம்பள உயர்வு, லபன சதியே. மச்சான் பெண் பார்க்கப் போனது பற்றிக் கேட்டால் அத்தையும் அதையே சொன்னார்.

முகநூல் பக்கத்தில் காத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. நாடு முழுவதும் இருந்தார்கள். கட்டாருக்கும் கொரியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் பலர் இருந்தார்கள். தினமும் காலையில் ‘குட் மார்னிங், வீதி எங்கே’ என்று போடுகிற ஒருவர் இருந்தார். திட்டுகிறவர்களும் இருந்தார்கள். சும்மா கொடுப்பவனை எப்படித் திட்டுவது என்று நான் யோசித்திருக்கிறேன். ஆனால் ஆசையைக் காட்டியவன் மீது கோபம் வருவதற்குக் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை போலும்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் புதிய படம் ஒன்று வந்தது. வீதியோரப் பெயர்ப்பலகைகள். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம் என்று நிஜத்தில் இருப்பது போலவே. தமிழைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றன. கொட்டகலையில் ‘கொ’வும் ‘லை’யும் சிதறிக் கிடந்தன. டிக்கோயாவில் ‘கோ’ சிதறிக் கிடந்தது. கினிகத்தேனைக்கும் இரண்டு இடத்தில் அடி. கொம்பே இல்லாத ஹட்டன் மட்டும் காயமில்லாமல் தப்பியிருந்தது.

தமிழை எடுத்துவிட்டு வெளியிடுங்கள், தாமதம் தீரும் என்று பலர் எழுதினார்கள். குழுவின் தலைவர் அதற்கு ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். வீதியில் மூன்று இருக்கிறது, ஆகவே மூன்றும் இருக்கும். அதன் பிறகு வழக்கமான அந்த இரண்டு சொல்.

“நம்ம எழுத்தால்தான் லேட்டாகுதா?” என்றான் மச்சான். அவனுக்கு அது ஒரு மாதிரி பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. “வா, போய்ப் பாப்போம்.”

தீபாவளி முடிந்த சனிக்கிழமை கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினோம். குழுத் தலைவர் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை செய்தார். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர், சிங்களவர். கடைப் பழக்கத்தில் தமிழ் நன்றாகவே பேசினார். இரண்டு ரசிகர்கள் தேடி வந்திருக்கிறார்கள் என்றதும் முதலில் அவர் முகத்தில் பயம்தான் தெரிந்தது.

“அடிக்க வந்திங்களா, மல்லி?” சிங்களத்தில் தம்பிக்கு மல்லி, அண்ணனுக்கு ஐயே.

“இல்ல ஐயே. கொம்பு விஷயமா வந்தோம்” என்றான் மச்சான்.

எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினோம். “ஒங்க எழுத்து சரியான அமாரு” என்றார் அவர். கஷ்டம் என்று அர்த்தம். “எங்க எழுத்தும் ஒடைஞ்சதுதான். அத எப்பிடியோ சரி பண்ணிட்டேன், நமக்கு வாசிக்கத் தெரியும்தானே. தமிழ் வாசிக்கத் தெரியாம எது சரி எது பிழைன்னு எப்பிடிப் பாக்கிறது?”

அங்கே அந்த மேசையில்தான் முடிவாயிற்று. எழுத்தை எழுத்தாகச் சேர்க்காமல் படமாக ஒட்டிவிடலாம். நிஜப் பலகைகளை நேருக்கு நேர் நின்று படம் பிடித்துக் கொடுத்தால், அவர் அப்படியே விளையாட்டுப் பலகையின் மேல் ஒட்டுவார். கொம்பு எங்கேயும் ஓடாது. வீதி முழுக்க உள்ள தமிழ்ப் பலகைகளைப் படம் பிடிப்பது எங்கள் பொறுப்பு.

எழுந்திருக்கும்போது மச்சான் கேட்டான்: “ஐயே, எங்க தோட்டத்து பஸ் ஹோல்ட் இருக்கா மெப்ல?”

“எது?”

மச்சான் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னான். ஸ்கொட்லாந்தில் எங்கோ இருக்கிற ஓர் ஊரின் பெயர் அது. அவர் போனில் வீதிப் படத்தை நகர்த்திப் பார்த்தார். “அது பெக்டரிகிட்ட இருக்கு. மேல.”

“இல்ல, கீழ. வளைவுல. நாங்க கொண்டைத்தோட்டம்னு சொல்லுவோம்.”

“கொண்டே?” அவர் தன் தலையின் பின்புறம் கையை வைத்துக் காட்டினார். சிங்களத்திலும் அது அதே சொல்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் லயத்துக்கு மேலே மலையுச்சியில் ஒரு பாறை, முடிந்த கொண்டை போலவே இருக்கும். தோட்டத்துக்கு அதனால் அந்தப் பெயர். அவர் சிரித்துக்கொண்டே, “அந்தப் பாறை நானும் பாத்திருக்கேன், பஸ்ல போகக்கொள்ள. அதுக்கு இப்பிடிப் பேரா? பலகை இருக்குதா?” என்றார்.

பலகை இல்லை. அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை. நடத்துநர்கள்கூட அந்த இடத்தை ‘போக்குவ லங்க’ என்றுதான் சொல்வார்கள், அந்தச் சிறு பாலத்தை வைத்து, மதகுப் பக்கம் என்று.

“பலகை இல்லாம ஹோல்ட் போட ஏலாது, மல்லி. ரோட்டுல இருக்கிறதுதான் மெப்ல வரும். நாம அப்பிடித்தான் வேலை செய்றோம்.”

மச்சான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “பலகை இருக்கு ஐயே. கொஞ்சம் அழுக்காயிருக்கு. தொடச்சு போட்டோ எடுத்து அனுப்புறேன்.”

திரும்பும் பஸ்ஸில் நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

பலகையை அத்தை வீட்டுக் கோடிப்புறத்தில் செய்தோம். கழற்றிப் போட்டிருந்த பழைய கூரைத் தகரத்தை மச்சான் தட்டி நேராக்கினான். மஞ்சள் பூசி, கறுப்பில் எழுதினான். சிங்களத்தில் எழுதக் கோயில் பக்கத்துக் கடைக்காரர் உதவினார். எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பார்த்தவுடன் எனக்கு உறுத்தியது.

“ஒற்று எங்கடா? கொண்டைத்தோட்டம். த் வரணும். நீ கொண்டைதோட்டம்னு எழுதியிருக்க.”

“எடம் பத்தல.”

“பத்தலன்னா திரும்ப எழுது.”

“பஸ்ல வர்றவன் த் இருக்கான்னு பாத்தா எறங்குறான்? பேசாம புடி.”

அத்தை வெளியே வந்து பலகையைப் பார்த்தார். “நல்லாதான இருக்கு. இது எதுக்கு, கேமுக்கா? கேமுக்கு இவ்ளோ பெயிண்டா?” என்று கேட்டுவிட்டு, தகரத்தின் கீழ் மூலையில் வழிந்திருந்த பெயிண்டைச் சுண்டுவிரலால் துடைக்கப் போய் இன்னும் அப்பிவிட்டார். அந்த விரல் தடம் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு முடிந்து எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகு, வீதியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மதகுக்கு முன்னால், வீதி கொஞ்சம் சமமாக இருக்கும் இடத்தில், ஒரு சவுக்குக் கம்பை நட்டுப் பலகையை அடித்தோம். நான் படம் எடுத்தேன். மற்றப் பலகைகளோடு சேர்த்து அன்றே அனுப்பினோம். ‘ஹரி மல்லி, லபன சதியே’ என்று பதில் வந்தது, சரி தம்பி, அடுத்த வாரம் என்று. படம் எடுத்ததும் பலகையைக் கழற்றிவிடுவதாக ஏற்பாடு. ஆணி நன்றாக இறங்கியிருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அதன் பின் வந்த காலத்தை எல்லோரும் அறிவார்கள். நோய் வந்து எல்லாவற்றையும் பூட்டியது. பூட்டுத் திறந்த பிறகு பெட்ரோலுக்கு வரிசை வந்தது, மின்வெட்டு வந்தது. கினிகத்தேனை ஐயேயின் கணினி ஒரு மின்வெட்டில் எரிந்துபோனது. குழுவில் ஒருவர் திருமணம் செய்துகொண்டு ஒதுங்கினார், இன்னொருவர் கொரியா போனார். முகநூல் பக்கத்தில் படங்கள் வருவது நின்றது. காலை வணக்கம் போடுகிறவர் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். வீதி செத்துவிட்டது என்று ஒருவர் எழுத, அதன் கீழே மாதக்கணக்கில் யாரும் பேசவில்லை.

எங்கள் பலகை மட்டும் அங்கேயே நின்றது. எப்போது தொடங்கியது என்று என்னாலேயே சொல்ல முடியாத ஒரு காரியம் இது. வரிசைக் காலம் முடிந்து பஸ் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது ஓட்டுநர்கள் பலர் புதியவர்கள். பலகை இருக்கிறது, ஆகவே ஹோல்ட் இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, நிறுத்தினார்கள். பலகை மதகுக்கு முன்னால் சமதரையில் இருந்ததால் ஏற்றத்தில் திணறவும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் நாங்கள் மணி அடித்தது எல்லாம் தவறான இடத்தில். ஒருநாள் ஹட்டனிலிருந்து வரும்போது நடத்துநர் கதவில் தொங்கிக்கொண்டு, “கொண்டே, கொண்டே, பஹின்ன” என்று கத்தினார். கொண்டை, இறங்குங்கள் என்று. நான் எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். “என்னாங்க, எறங்கலியா?” என்று பக்கத்தில் இருந்தவர் தள்ளிவிட்டார்.

மச்சான் அதைக் காணவில்லை. வரிசைக் காலத்தின் தொடக்கத்திலேயே கட்டாருக்கு ஓட்டுநர் வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முன்தினம் என்னோடு கொமினிகேஷனுக்கு வந்து, திரைச்சீலையை விலக்கி, அந்த முகநூல் பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தான். புதிதாக ஒன்றும் இல்லை. “சரிக்கா, போய்ட்டு வர்றேன். வந்தா இவன்கிட்ட சொல்லி அனுப்பிவிடுங்க” என்றான். மோட்டைத்தான் சொன்னான். அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “நீ வர்றதுக்குள்ள வந்துரும் போ” என்றார். அவன் பிளேன் ஏறிய வாரம் அத்தை என்னிடம், அவன் ஆசைப்பட்டது வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னொரு நாள், பஸ் இப்போது வாசலில் நிற்கிறது என்று நான் போனில் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. “போடா, கப்சா” என்றான்.

இடையில் ஒரு மாசி மாதம், பெயிண்ட் டப்பாவோடு போய், பலகையில் டைக்கும் தோவுக்கும் நடுவில் ஒரு குட்டி ‘த்’ எழுதினேன். உண்மையிலேயே இடம் பத்தவில்லை. அது தலைக்கு மேல் வைத்த பூ மாதிரி இருந்தது.

மோட் வந்தது சென்ற வருடம், ஒரு போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறையில். முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் என்றுகூட அவர் சொல்லவில்லை. முகநூல் பக்கத்தில் ஓர் இணைப்பும் ‘மன்னிக்கவும், முடிந்தவரை செய்தோம்’ என்று மூன்று மொழியிலும் ஒரு வரியும் இருந்தன. தமிழ் வரி படமாக இருந்தது. காலை வணக்கம் போடுகிறவர் அன்றைக்கு என்ன எழுதினார் என்று தேடினேன். ஒன்றும் எழுதவில்லை. ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

மச்சான் அங்கே அறைநண்பனின் மடிக்கணினியை வாங்கி இறக்கிக்கொண்டான். வீடியோ அழைப்பில் என்னையும் அத்தையையும் வைத்துக்கொண்டு கினிகத்தேனையில் பஸ் ஏறினான். சிறு குறைகள் நிறைய இருந்தன. ஓரிடத்தில் தேயிலைச் செடிகள் தரைக்கு மேல் மிதந்தன. ஹட்டனில் எங்கள் கொமினிகேஷன் இருந்த மாடி வெறும் சாம்பல் சுவராக இருந்தது. ஆனால் வளைவுகள் எல்லாம் சரியாக இருந்தன. நான் ஒவ்வொன்றையும் மனதில் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். அத்தை, “மெதுவாப் போப்பா” என்று இரண்டு முறை சொன்னார்.

ஹட்டன் தாண்டியது. பாறை தெரிந்தது, கொண்டையும் முடிச்சும் ஒன்றும் குறையாமல். அதற்குக் கீழே மதகு. மதகுக்கு முன்னால் மஞ்சள் பலகை.

“இரு, இரு” என்றான் யாரிடமோ. பஸ் நின்றது. காமிராவைக் கிட்டே கொண்டுபோனான். கொண்டைதோட்டம். ஒற்று இல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் அப்பழுக்கில்லாமல் ஒட்டியிருந்தார், கீழ் மூலையில் வழிந்த பெயிண்டையும் அதிலிருந்த விரல் தடத்தையும் சேர்த்து.

“பாத்தியா, என் எழுத்து” என்றான். “அம்மா, ஒங்க வெரலு.”

அத்தை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சேலையில் கையைத் துடைத்தார், இப்போதுதான் பெயிண்ட் பட்டது போல.

மச்சான் பஸ்ஸின் முன்கதவைத் திறந்தான். அந்தச் சத்தம்கூட நிஜம் போலவே இருந்தது. கதவு திறந்தபடி பஸ் நின்றது. லயம் இருந்தது, தண்ணீர்ப் பீலி இருந்தது, கோயில் மணிக்கூண்டு இருந்தது. ஏறவோ இறங்கவோ யாரும் இல்லை. வீதி முழுக்கவே ஆள் இல்லை. பயணிகளைச் செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று முகநூல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

“ஆளே இல்லையேடா. ஆளு எப்ப வருமாம்?” என்று கேட்டேன்.

பதில் மூவருக்குமே தெரியும். அத்தைதான் சொன்னார், சிங்களத்தில், எந்தப் பிசகும் இல்லாமல்.

“லபன சதியே.”

அவன் சிரித்தான். ஆனால் கதவை மூடவில்லை. அங்கே அவனுக்கு வேலைக்குப் போகும் நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிடும் வரை, பஸ்ஸை எங்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.